உன் அப்பாவிடம் நீயே சொன்னது

இன்று சாலைக் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பின்னால் யாரோ தேயிலைத்தூள் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். ஆஸ்டலில் உன் பெட்டி, துணி, தலையணை எல்லாம் இப்படித்தான் மணக்கும். "எஸ்டேட்டையே தூக்கிண்டு வந்துட்டியாடி?" என்று கேலி செய்வேன். "எங்ககிட்ட இருக்கத தான கொண்டுவர முடியும்" என்பாய்.

வித்துராவுக்கு மேலே, மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள் நீ. நகரத்துக்குள், வலியசாலை அக்கிரகாரத்துக்காரி நான். மலையாளப் பிள்ளைகள் நிறைந்த நம் இன்ஜினியரிங் வகுப்பில் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். பத்தாவது வரை தமிழில் படித்த நீ, ஆங்கிலப் புத்தகத்தையும் மலையாள விளக்கத்தையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாய். உன்னைப்போல் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்த வருஷத்துக்குப் போகத் தேவையான கிரெடிட் போதவில்லை. ஒரு வருஷம் வெளியே இருந்து, தோற்ற பாடங்களை எழுதிவிட்டு, ஜூனியர்களோடு வந்து உட்கார வேண்டும் என்பது விதி. 'இயர் அவுட்' என்பார்கள். கிரிக்கெட்டில் அவுட் ஆனவனுக்குக்கூட உட்கார நாற்காலி கிடைக்கும். உனக்கு ஆஸ்டலும் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று.

கல்லூரியில் உன் அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். வாசலிலேயே மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துத் தழைய விட்டுக்கொண்டு வந்தார் அவர். அவருக்குத் தெரிந்தது கடைத்தெரு மலையாளம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசியதில் பாதி ஆங்கிலம். அதனால், சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லும்படி உன்னிடமே சொன்னார்கள். பிள்ளைகள் மாற்றிச் சொல்லிவிடுவார்களாம். சரிபார்க்க என்னையும் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

நீ எதையாவது மழுப்புவாய் என்றுதான் நினைத்தேன். தலையாட்டிவிட்டுப் போகலாம் என்று தயாராகவும் இருந்தேன். நீ மழுப்பவில்லை.

"நான் தோத்துட்டேம்பா. ஒரு வருசம் வெளிய போவச் சொல்லுதாங்க. ஆஸ்டல்ல இருக்க முடியாது. உதவிப் பணமும் வராது."

உன் அப்பா உன் பக்கம் குனிந்து, மெல்ல, "பிள்ளை ராத்திரி பூரா முழிச்சிருந்து படிக்குதுன்னு சொல்லும்மா. கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்றார்.

"அச்சன் எந்தா பறஞ்ஞது?" என்று, அப்பா என்ன சொன்னார் என்பதை மேஜையிலிருந்து கேட்டார்கள்.

"ஒந்நுமில்ல சார்" என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை அழுத்தி மிதித்தாய்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "உனக்கு எதிரா இருக்கறதெல்லாம் ஒண்ணு விடாம சொன்னே. உனக்காக அவர் சொன்னதை ஏண்டி சொல்லலை?"

"அவங்க எப்படியும் மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. அதையும் நான்தான அப்பாட்ட சொல்லணும்?" என்றாய்.

நீ தோட்டத்துக்கே திரும்பி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாய். போனில் பேசும்போதெல்லாம், அப்பா முன்போல் பேசுவதில்லை என்றுதான் சொல்வாய். கோபம் இல்லையாம். "என்ன பேசன்னு தெரியாம இருக்காரு போல" என்பாய். அடுத்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து, மெடிக்கல் காலேஜ் வார்டிலேயே இறந்துபோனாய். ஜூனியர்களோடு வந்து உட்காரும் நாள் உனக்கு வரவே இல்லை.

இப்போது நான் வேறொரு கல்லூரியில் அதே மாதிரி மேஜைக்குப் பின்னால் உட்காருகிறேன். விதி மாறவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான்: பிள்ளைகளை அதைச் சொல்ல வைப்பதில்லை. போன வாரம் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள், தமிழ் மட்டுமே பேசுகிறவள். அவள் மகனுக்கும் இயர் அவுட். மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நானே பக்குவமாக எடுத்துச் சொன்னேன். உனக்குச் செய்ய முடியாததை அவனுக்குச் செய்துவிட்டதாக உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு அவன் திரும்பி வந்தான். "நீங்க ஏன் டீச்சர் சொன்னீங்க? நானா இருந்தா அம்மைட்ட வேற எதாவது சொல்லிருப்பேன். கொஞ்ச நாளாவது நிம்மதியா இருந்திருப்பா."

அன்றிலிருந்து இதைத்தான் சுமந்துகொண்டு அலைகிறேன். நீ அந்த அறையில் ஒரு பொய் சொல்லியிருந்தால், உன் அப்பா உன்னோடு வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்திருப்பார். உனக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு வருஷம்தான்.