வட்டம் கட்டி அழுத பிள்ளைகள்

முருகன் துணை

அன்னூர்,
26.11.1998

அன்பு மகன் கதிர்வேலுக்கு அப்பா எழுதுவது. நான் உயிரோடும் சுகமாகவும் இருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் இதைத்தான் எழுதுகிறேன், நீயும் படிக்காமல் தாண்டிப் போவாய் என்று தெரியும். இந்த முறை தாண்டாதே, ரெண்டு தடவை படி. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, உன் அம்மா திட்டுவது ரெண்டு காதிலும் விழுகிறது. முதுகுப் பிடிப்பு மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. அம்மாவும் சுகம். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் அன்றைக்குப் போனில் கேட்ட குரல் அப்படி இல்லை, அதனால் உடம்பைப் பார்த்துக்கொள். உன் கையில் இருக்கிற டிக்கெட்டைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும்வரை டிக்கெட்டை ஒன்றும் செய்துவிடாதே.

என்னதான் நடந்தது என்று நீ போனில் கேட்டாய். டெலிபோன் பூத்தில் அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கையில் என்ன சொல்வது, அதனால் இப்போது விவரமாக எழுதுகிறேன். எல்லாம் நீ அனுப்பி வைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகளால் வந்தது. உன்னோடு ஆபீசில் வேலை செய்கிறவரின் பெண் மேகன் ஒரு கூட்டத்தோடு இந்தியாவைச் சுற்றி வருகிறாள், ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் கடைசி நாலைந்து நாள் நம் தோட்டத்தில் தங்கட்டும் என்று எழுதியிருந்தாய், சரி என்றோம். எட்டுப் பிள்ளைகளும் அவர்களை மேய்க்க சூசன் என்று ஒரு டீச்சரம்மாவும் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் காலேஜில் சேராமல் நேபாளம், காசி, கேரளா என்று மாசக்கணக்கில் சுற்றுகிறார்களாம், அதுவும் ஒரு படிப்புதானாம். நீ பிளஸ் டூ முடித்த கையோடு இப்படி ஒரு படிப்பைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது உனக்கே தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தங்கமான பிள்ளைகள். சாணி அள்ளினார்கள், வாய்க்காலில் குளித்தார்கள், உன் அம்மா செய்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றார்கள். அவர்களில் ஜேக் என்று ஒருத்தன், தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருப்பான், வந்த அன்றைக்கு அவனுடைய மூட்டையை நான் வாங்கி முதுகில் போட்டேன். அதற்குள் என்ன வைத்திருந்தானோ தெரியவில்லை, ஆட்டுக்கல்லைத் தூக்கியது போல இருந்தது. அத்தோடு முதுகு பிடித்துக்கொண்டது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வலி தாங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு, களத்தில் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தேன். ஈ மொய்த்ததால் வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தேன். உன் அம்மா விருந்துக்குச் சாமான் வாங்க அந்த டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அன்னூர்க் கடைவீதிக்குப் போயிருந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பயணம் முடிகிற நாளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொருத்தரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக் கட்டிப்பிடித்து அழ வேண்டுமாம். அழாவிட்டால் பயணம் சரியாக முடிந்ததாகக் கணக்கில்லையாம். நிழல் இருப்பது வேப்பமரத்தடியில் மட்டும்தான், அதனால் என் கட்டிலைச் சுற்றியே வட்டம் போட்டுவிட்டார்கள். எனக்கு மரியாதை செய்யச் செவ்வந்தி மாலை வாங்கி வைத்திருந்தார்கள். மனிதர் அசந்து தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று நல்ல மனசோடு மாலையை என் நெஞ்சின் மேல் வைத்துவிட்டார்கள். ஈ வராமல் இருக்கத் தலைமாட்டில் ஊதுவத்தியும் கொளுத்தியிருக்கிறார்கள், அதுவும் ஒரு கட்டு முழுதாக. அப்புறம் அழ ஆரம்பித்தார்கள்.

நீயே யோசித்துப் பார். பக்கத்துத் தோட்டத்து மாசாணியம்மாள் சத்தம் கேட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். உன் அப்பன் ஈஸ்வரமூர்த்தி வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறான், நெஞ்சில் மாலை, தலைமாட்டில் ஊதுவத்தி, சுற்றி உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம். வேறென்ன நினைப்பாள்? அந்த அம்மாளுக்கும் நமக்கும் பேச்சு வார்த்தை நின்று ரெண்டு வருஷம் ஆகிறது, அவளுடைய ஆடு நம் சோளத்தை மேய்ந்தது என்று நான் சொல்ல, எங்கள் ஆடு இல்லவே இல்லை என்று மாரியாத்தா மேல் அவள் சத்தியம் செய்ய, அத்தோடு நின்றது. ஆனால் எழவு என்று வந்துவிட்டால் பகையெல்லாம் பார்ப்பார்களா. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடி வந்து, வட்டத்துக்குள் புகுந்து, மேகனைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பிள்ளைகளுக்கு அது புரியவில்லை, பக்கத்துத் தோட்டத்து அம்மாகூட நாம் போவதற்கு அழுகிறார்களே என்று உருகிப்போய், இடம் ஒதுக்கி உட்கார வைத்து அவள் கையிலும் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டார்கள். சீமைப் பிள்ளைகளே இப்படி அழுகிறார்கள் என்றால் மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று அவள் இன்னும் ஓங்கி அழுதிருக்கிறாள்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், திறக்க மனசு வரவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை என் ஆயுசில் நான் கேட்டதில்லை. மவராசன் என்றாள், வாரி வாரிக் கொடுத்த கை என்றாள், இந்த மனுசன் நடந்து போனா எறும்புக்குக்கூட வலிக்காதே என்றாள். உன் அம்மா வந்து இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அசையாமல் படுத்திருந்தேன். அடுத்தாற்போல், எங்க ஆடு உங்க சோளத்தை மேஞ்சப்பக்கூட ஒரு அடி அடிக்காம ஓட்டிவிட்ட தருமரே என்று இழுத்தாள் பார், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாலையோடு எழுந்து உட்கார்ந்து, அப்ப மேஞ்சது உங்க ஆடுதானுங்களா என்று கேட்டேன். அவள் மெழுகுவத்தியைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எழுந்ததும் முதல் வார்த்தையாக, ஒப்பாரியில சொன்னதெல்லாம் கணக்குல வராதுங்க என்றாள். பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டினார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அவள் வீட்டுக்காரர் திருமலைசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாலையைப் பார்த்தவர், கிட்டே வந்துகூடப் பார்க்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறார். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லி, அன்னூர் பூத்திலிருந்து கொடுமுடிக்கு உன் பாலகோபால் மாமாவுக்கும் போன் செய்துவிட்டார். நம் வீட்டுப் போன்தான் மழை பெய்த நாளிலிருந்து செத்துக் கிடக்கிறதே, யாரும் கூப்பிட்டு விசாரிக்கவும் வழியில்லை. கொஞ்ச நேரத்தில் ஊரே களத்துக்கு வந்துவிட்டது. வந்தவர்களை எல்லாம் செத்தவனே எழுந்து நின்று வாங்க என்று கூப்பிட வேண்டியதாயிற்று. உன் அம்மாவுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் கோழியும் கத்தரிக்காயும் அப்படியே இருக்கிறது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்புறம், ஏனுங்க, நான் போறப்ப முதுகு மட்டுந்தானுங்க புடிச்சிருந்துச்சு என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே போய் அழுதாள் என்று மேகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொழுது சாய உன் மாமா வந்தார், பிறந்த வீட்டுக் கோடியோடு. தங்கச்சி தாலி இழந்துவிட்டாள் என்றால் அண்ணன் கோடிச்சேலை கொண்டுவர வேண்டும், அதில் குறையே வைக்கவில்லை. நான்தான் வாசலில் நின்று வாங்க மச்சான் என்றேன். பையைக் கீழே போட்டுவிட்டார். உன் அம்மா சேலையைப் பிரித்துப் பார்த்தாள், கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தீபாவளிக்கு இவர் எடுத்துக் கொடுத்த சேலை ஒரே துவைப்பில் சாயம் போனது, இது என்னடா என்றால் நல்ல கோயமுத்தூர்க் காட்டன், அகலக் கரை. நான் நல்லா இருக்கறப்ப எடுக்கத் தெரியாதுங்களாண்ணா, நான் தாலி அறுத்ததும் கடையில நல்ல சேலை கண்ணுல பட்டுதுங்களா என்று கேட்டாள். மாமா கீழே கிடந்த பையை எடுத்து மடித்தார். அப்போதுதான் மெதுவாக வாயைத் திறந்து, பஸ் ஏறுவதற்கு முன்னால் அமெரிக்காவில் இருக்கிற கதிர்வேலுக்கும் போனில் சொல்லிவிட்டேன் என்றார். எனக்கு அதுவரை வராத மயக்கம் அப்போது வந்தது. திருமலைசாமியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகைப் பிடித்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். மற்றது உனக்குத் தெரியும்.

அந்தக் கோடிச்சேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றாள் அம்மா, கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்றார் மாமா. மாட்டுத் தொழுவத்துக் கம்பியில் தொங்கியதை மேகன் பார்த்து அழகாக இருக்கிறதே என்று கேட்டாள். அம்மா பதறிப்போய்க் கூடவே கூடாது என்றாள். கட்டுவதற்கில்லை, காலேஜ் ரூமில் ஜன்னலுக்குத் திரை போட என்று அவள் சாடை காட்டியதும் அம்மா யோசித்தாள். சரி எடுத்துக்கோ அம்மணி, ஜன்னலுக்கு ஏது புருசன் என்று கொடுத்துவிட்டாள். எழவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது என்று அவ்வளவு பேருக்கும் அரிசிம்பருப்புச் சாதமும் கோழிக்குழம்பும் ஆனது. மாசாணியம்மாள்தான் பரிமாறினாள். சோளத்துக்குப் பதிலாக ஒரு ஆட்டுக்குட்டி தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள், தருவாளா என்று பார்ப்போம்.

மறுநாள் பிள்ளைகளைக் கோயமுத்தூர்ப் பீளமேட்டில் விமானம் ஏற்றிவிடப் போனேன். ஜேக் என்னைக் கட்டிக்கொண்டு, ஊரில் இறங்கியதும் அப்பா வந்து நிற்பார், மூன்று மாதமாய்ப் பார்க்காமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்றான். மூன்று மாதத்துக்கே அப்படியா என்று மனசில் நினைத்துக்கொண்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

இப்போது டிக்கெட் விஷயம். ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போகும், அதைத் தடுக்கும்வரை லீவு கிடையாது என்று நீ எழுதிக்கொண்டே இருந்தாய், நானும் நம்பினேன். ஆனால் மாமா சொன்னதும் விடியக்காலையில் மேனேஜரை எழுப்பிக் கேட்டாயாம், அவரும் அரைத்தூக்கத்தில் போய்வா என்றாராம், நீயும் உடனே டிக்கெட் வாங்கிவிட்டாயாம். ஆக லீவு இருக்கிறது. நான் பூத்தில் அலோ என்றதும் நீ அழுதாய், அப்புறம் மாமாவைத் திட்டினாய். பணம் திரும்பி வராதுப்பா, தேதி மட்டும்தான் மாத்தலாம், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். சுற்றி ஆள் இருக்கிற வெட்கத்தில், உன் வேலையைப் பாருடா என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பூத்தில் நின்று சொன்ன பேச்சு, அதைக் கணக்கில் எடுக்காதே. தேதியைத் தைப்பொங்கலுக்கு மாற்று. மேனேஜர் கேட்டால், எங்கப்பா சாவுக்குக் கொடுத்த லீவுதான், அவர் உயிரோடு இருக்கையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். நிஜமாக நான் போகும்போது நீ ஓடி வந்து என்ன பிரயோசனம், நீ வந்தது எனக்குத் தெரியவா போகிறது? நீ அழுததை ஒரு தடவை கேட்டுவிட்டேன், எனக்கு அது போதும். இனி நீ சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும்.

முருகன் உனக்குத் தீர்க்காயுசையும் நிறைந்த மனசையும் கொடுக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, எண்ணெய் தேய்த்துக் குளி. வருகிற தேதியை எங்களுக்கு மட்டும் எழுது, மாமாவுக்கு எதையும் போனில் சொல்லாதே.

இப்படிக்கு,
நீ வரும்வரை எங்கேயும் போகாத உன் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி

பி.கு.: பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா எழுதச் சொன்னது. கண்ணு, பொங்கலுக்கு நீ வராட்டி இந்த மனுசன் மறுபடியும் களத்துல போய்ப் படுத்துக்குவாரு, என்னால ஊருக்கே சோறு ஆக்க முடியாது.