எதிர்மாடியிலிருந்து எடுத்த படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உன் இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா, எழுது.

உன் அப்பா போன மாதம் பழைய சாமான் கடையில் தன் ஃபிலிம் கேமராவுக்கு ஒரு டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கினார், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவது, முழங்கை நீளம். கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் பேர் தெரியாத வேறொரு கம்பெனி, இரண்டையும் நடுவில் ஒரு வளையம் சேர்த்துவைக்கிறது, தரகர் பேச்சை நம்பி முடித்த சம்பந்தம் போல. வந்த நாள் முதல் குறைதான். எல்லாம் புகையாகத் தெரிகிறதாம், சொந்தக் கம்பெனி லென்ஸ் இப்படிச் செய்யுமா என்று திட்டினார். உள்ளே பூஞ்சை என்று ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் பளிங்கு மாதிரி இருக்கு சார், எதுக்கும் ஒரு தடவ கண்ண காட்டிடுங்களேன்" என்றார். அப்பா உடனே ரிப்பேர்க்காரரை மாற்றிவிட்டார். நான் அதன் வழியாகப் பார்த்தேன், தூரத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கு வரை தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பயம். அந்தக் கண்களோடுதான் தினமும் பஸ் ஓட்டுகிறார், பின்னால் ஒரு ஊர் ஜனத்தை உட்காரவைத்துக்கொண்டு. சாயங்காலம் வந்து, "ஒருத்தன் எங்கேருந்தோ வந்து குறுக்க விழுந்தான்டி, நல்லவேளை" என்கிறார். இந்த வாரம் நிறையப் பேர் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, யார் என்ன சேதி கொண்டுவருகிறார்களோ என்று எழுந்து ஓடுகிறேன். கண்புரையாகத்தான் இருக்கும், ஆபரேஷன் செய்தால் தீரும் என்று கெஞ்சினேன். "கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன், ஸ்டியரிங்க விட்டுட்டு உன்கூட உக்காந்து சண்ட போடச் சொல்றியா" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு இரண்டு கண்ணையும் கையால் பொத்திக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை. இப்போது கேள். பரிசோதனை நிலையத்துக்கு எதிர்மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை அந்த லென்ஸால் ஒரு ரோல் முழுக்க எடுத்திருக்கிறார், மனப்பாடம் பண்ண. பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்காத மனிதர், இந்த வயதில் காப்பியடிக்க இவ்வளவு பெரிய கருவி தேவைப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு படம் தேறியது, லென்ஸ் மேல் இருந்த கோபமும் தீர்ந்தது. ஆனால் பெரிதாக்கிய பிறகும் கீழ்வரிகள் அவருக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டு, "கண்ணாடியப் போட்டுட்டு நிதானமா படி, நீ படிக்கறதுலதான் நம்ம சோறு இருக்கு" என்றார். படித்தேன். கீழ்வரிகளை வேண்டுமென்றே மாற்றிப் படித்தேன். அதைத்தான் இப்போது குளியலறையில் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார், ஒரு பிசகும் இல்லாமல். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டது இதுதான் முதல் தடவை. தெரியவந்தால் என் முகத்தில் விழிப்பாரோ என்னவோ. அதைவிடப் பெரிய பயம், அன்றைக்குப் பார்த்து அவர்கள் அட்டையை மாற்றி, இவர் சொல்வதே சரியாகிவிட்டால்? அவருக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

அவர் தோற்க வேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள். தோற்றபிறகு நீ பேசு, என் பேச்சு எடுபடாது, மகள் சொன்னால் ஆபரேஷனுக்கு ஒப்புவார். அதுவரை மூச்சு விடாதே. நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. பச்சை விளக்கு எரிந்தாலும் ரோட்டைக் கடக்கும்போது நின்று இருபக்கமும் பார், வண்டிக்காரர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடாதே. எந்த வண்டியில் யாருடைய அப்பா உட்கார்ந்திருக்கிறாரோ.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா