வெள்ளை எழுத்து

திருப்பருத்திக்குன்றம்,
9-2-2003

அன்புள்ள தம்பி மகாவீருக்கு,

அக்கா தயாவதி எழுதுவது. இங்கே புதிதாகக் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. நீயும் ஜனனியும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறீர்களா என்று எழுதவும்.

கடிதம் எதற்கு, ஈமெயில் போதாதா என்று கேட்டிருந்தாய். சம்பூர்ணத்தின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் மணி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்கு வரும் விசாரணைகளுக்குப் பதில் போட அந்த இடம் போதும். தம்பிக்கு எழுத அது இடமில்லை. சம்பூர்ணத்தை உனக்கு நினைவிருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவள். நீ லோயர் பாஸ் செய்தது அவளிடம்தான். டைப் மெஷின்களைத் தள்ளிவிட்டு நான்கு கம்ப்யூட்டர் போட்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு மறுநாள் அவள்தான் கூப்பிட்டுக் காட்டினாள். காஞ்சிபுரம் சேலை என்று இங்கிலீஷில் தட்டினால் நம் அஜிதா ஹேண்ட்லூம்ஸ் முதல் பக்கத்தில் நான்காவதாக வருகிறது. அப்பாவின் பெயரில் பாதியைக் கத்தரித்துக் கடைக்கு வைத்தாய் என்று எனக்கு உன்மேல் வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பெயரை அங்கே பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கார்த்திகை வரை ஒரு நாளைக்கு ஒன்பது பேர் பார்த்த பக்கத்தை இப்போது முந்நூறு பேர் பார்க்கிறார்கள் என்கிறாய். புள்ளியியல் படித்தவளிடம் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எதனால் என்று கேட்டேன். அதெல்லாம் டெக்னிக் அக்கா என்று எழுதியிருக்கிறாய். அது பதில் இல்லை.

பட்டு என்ற சொல்லை ஓரிடத்திலாவது சேர்க்கலாமா என்று மூன்றாம் முறையாகக் கேட்டிருக்கிறாய். திருப்பருத்திக்குன்றம் என்று இருபது இங்கிலீஷ் எழுத்தைத் தட்டி உலகத்தில் ஒருவரும் தேடமாட்டார்கள், காஞ்சிபுரம் என்று தட்டுகிறவர்கள் அடுத்த சொல்லாகப் பட்டு என்றுதான் தட்டுகிறார்கள் என்கிறாய். இருக்கலாம். நம் கடையில் பட்டு இல்லை. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூலில் வியாபாரம் செய்வதில்லை என்று அப்பா விரதம் எடுத்தார். அதில் எனக்கும் உனக்கும் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு விஷயம். நான் கோயிலுக்குப் போயே ஆறு மாதம் ஆகிறது. ஆனால் இல்லாத சரக்கை இருக்கிறது என்று எழுதாமல் இருக்க விரதமெல்லாம் தேவையில்லை. வேண்டாம். இனிமேல் கேட்காதே.

நீ கேட்ட சேலை விவரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நிறம், கரை அகலம், கொர்வையா சாதாக் கரையா, நூல் நம்பர் எல்லாம் எழுதியிருக்கிறேன். முசரவாக்கம் ராஜவேலு நெய்த மாம்பழ நிறச் சேலைக்கு அரக்குக் கரை. உடம்பையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி இணைத்த கொர்வை. படங்களில் அதை முதலாவதாகப் போடு.

கேட்க நினைத்து மறந்துவிட்டேன். உனக்கு இதற்கெல்லாம் இவ்வளவு நேரம் எப்படிக் கிடைக்கிறது? முன்பு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போன் பேசவே நேரமில்லை என்பாய். ஆபீஸில் ஒன்றும் சொல்வதில்லையா?

குழந்தையைக் காதுக்குத் துணி கட்டாமல் வெளியே விடவேண்டாம்.

உன் நலத்தை விரும்பும்,
அக்கா தயாவதி


திருப்பருத்திக்குன்றம்,
22-6-2003

மகாவீருக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை வாலாஜாபாத்திலிருந்து தில்லையம்மாள் என்று ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ராஜவேலு நெய்த அதே மாம்பழச் சேலை. ஏப்ரலில் பினாங்குக்கு நான் என் கையால் மடித்து அனுப்பியது. வாங்கியவர் இந்த அம்மாளின் தங்கை.

அந்தத் தங்கை தன் மகளுடைய வைகாசிக் கல்யாணத்துக்குக் கூரைப் புடவையாக அதை வாங்கியிருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்தே வருகிறது என்று சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது எல்லார் முன்னாலும் பார்சலைப் பிரித்திருக்கிறார்கள். தொட்டால் தெரியாதா? பிள்ளை வீட்டுப் பெண்கள், காஞ்சிபுரத்தில் இப்போது நூல் சேலைதான் கூரைப் புடவையா என்று கேட்டுச் சிரித்தார்களாம். கல்யாணத்துக்கு அந்த ஊர்க் கடையில் ஏதோ ஒன்றை வாங்கிக் கட்டினார்களாம். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்களாம்.

"எங்க பொண்ணு அதத் தொட்டுப் பாத்தாம்மா. அப்படியே வெச்சிட்டு எழுந்து உள்ள போயிட்டா" என்றார்.

அந்த அம்மாளிடம் என் ஈமெயில்களின் அச்சுப் பிரதியே இருந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து பதினொரு கடிதம். மாம்பழ நிறம், அரக்குக் கரை, கொர்வை, முந்தியின் நீளம் எல்லாம் பேசியிருக்கிறோம். அவர்கள் ஒரு இடத்திலும் பட்டு என்று எழுதவில்லை. காஞ்சிபுரம் என்று சொன்ன பிறகு அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் ஒரு இடத்திலும் பருத்தி என்று எழுதவில்லை. எண்பதாம் நம்பர் நூல் என்று எழுதியிருக்கிறேன். நம் தெருவில் அப்படிச் சொன்னால் பருத்தி என்று குழந்தைக்கும் தெரியும். பினாங்கில் அதை என்னவென்று நினைத்தார்களோ. விலையைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். நெய்யுற எடத்துலயே வாங்கறதால குறைச்சல்னு நெனச்சாங்க என்றார்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் காசுக்காக வரவில்லை. போகும்போது, "படிச்சவங்கதானம்மா நீங்க? பட்டு இல்லன்னு எழுத ஒங்களுக்குக் கையி வரலியா?" என்று கேட்டார்.

இதுவரை என் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படியிறங்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். காஞ்சிபுரம் கல்யாணப் பட்டு என்று கம்ப்யூட்டரில் தேடியபோது நம் கடைதான் முதலில் வந்ததாம்.

கடையைப் பூட்டிக்கொண்டு நேரே சம்பூர்ணத்திடம் போனேன். அவர் சொன்னபடியே தட்டிப் பார்த்தோம். முதலில் வருகிறது. நம் பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தோம். பட்டு என்ற சொல் எங்கேயும் இல்லை. நான் முன்பு அச்செடுத்து வைத்திருந்த காகிதத்திலும் இல்லை. இயந்திரத்தின் கோளாறு என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தேன். சம்பூர்ணம் விடவில்லை. "இரு அக்கா. பக்கம் முடிஞ்ச பெறகும் கீழ எடம் போய்க்கினே இருக்குது பாரு. காலி எடத்துக்கு எதுக்கு இவ்ளோ நீளம்?" என்றாள்.

மவுஸை அழுத்திப் பிடித்து அந்த வெற்றிடத்தின்மேல் இழுத்தாள். நீலப் பட்டை விழுந்தது. பட்டைக்குள் எழுத்து. காஞ்சிபுரம் சில்க், வெட்டிங் சில்க், ப்யூர் சில்க், பிரைடல் சில்க். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக அடித்து வைத்திருக்கிறாய். நூற்றுப் பதினான்கு முறை. எண்ணினேன்.

நான் பிப்ரவரியில் வேண்டாம் என்று எழுதினேன். நீ அதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறாய். கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் ஒன்பது எப்படி முந்நூறாயிற்று என்று இப்போது தெரிகிறது. செய்துவிட்டுத்தான் மூன்று முறை அனுமதி கேட்டாயா? பதில் வராத கேள்வியை கல்லூரி வகுப்பில் மாணவிகளிடம் விட்டுவைக்காதவள், உன்னிடம் விட்டுவைத்தேன். முதல் பக்கத்தில் வந்த சந்தோஷம்.

அந்தச் சொற்களை எடு. பக்கத்தின் தலையில் எல்லாருக்கும் தெரியும்படி கறுப்பு எழுத்தில், இது பருத்திச் சேலைக் கடை, இங்கே பட்டு விற்பதில்லை என்று போடு. இதைச் சொன்னபோது சம்பூர்ணம் சிரித்தாள். அதிலும் பட்டு என்ற சொல் இருக்கிறதாம், இயந்திரத்துக்கு இல்லை என்பது புரியாதாம், அதற்காகவே நாம் கொஞ்சம் மேலே வந்தாலும் வருவோமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பினாங்குக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பதில் வராது.

தயாவதி


திருப்பருத்திக்குன்றம்,
3-8-2003

தம்பி மகாவீருக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த விண்ணப்பமும் வந்து சேர்ந்தன. அதற்கு இரண்டு நாள் முன்பே ஜனனி போன் செய்துவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் கேட்டேன்.

போன ஆகஸ்டிலேயே வேலை போய்விட்டது என்றாள். ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் நீ எனக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் எடுத்து வைத்து மறுபடியும் படித்தேன். ஆபீஸில் வேலை அதிகம் என்று இரண்டில் இருக்கிறது. மற்றவற்றில் ஆபீஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடத்தின்மேல் மவுஸை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மளிகைக் கடைக்காரருக்கும் பல் டாக்டருக்கும் வெப்சைட்டை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இப்போது உன் தொழில், அவர்களிடம் மாதிரியாக முதலில் காட்டுவது நம் கடையைத்தான் என்றும் சொன்னாள். அந்த வெள்ளை எழுத்தை எடுத்தால் மாதிரி கீழே போய்விடும் என்று தள்ளிப்போட்டாய். அதற்குள் தேடல் நிறுவனத்தாருக்குத் தெரிந்துபோய் நம் பக்கத்தை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். சம்பூர்ணம் தட்டிக் காட்டினாள். காஞ்சிபுரம் என்று தட்டினாலும் இல்லை, அஜிதா ஹேண்ட்லூம்ஸ் என்று முழுப் பெயரைத் தட்டினாலும் இல்லை. பருத்தி வேண்டும் என்றே தேடி வந்து சேலை வாங்கின புனே டீச்சர் போன்றவர்களுக்கும் இனிமேல் நாம் இல்லை.

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். யாராக இருக்கும் என்று தெரியவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். நான் இல்லை. எனக்கு வழி தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். அதற்கு வந்த பதிலை எழுதப்போவதில்லை.

எல்லாரும் செய்கிறார்கள், அது இயந்திரம் படிக்க எழுதியது, மனிதர்கள் படிக்க அல்ல என்கிறாய். அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது இயந்திரம், நம்பினது மனிதர்கள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாளே, அவள் மனுஷிதான்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். கடையின் உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் பக்கத்தை மறுபடியும் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு என்கிறாய். நீ எழுதி அனுப்பியிருப்பதைப் படித்தேன். கடை ஊழியர் ஒருவர் விதிகள் தெரியாமல் அந்தச் சொற்களைச் சேர்த்துவிட்டார், அவரைக் கண்டித்துவிட்டோம் என்று இருக்கிறது. கடையில் ஊழியர் என்று யார் இருக்கிறார்கள், மகாவீர்? வாரத்தில் இரண்டு நாள் வந்து சேலை மடித்துக் கொடுக்கிற ராஜவேலு இருக்கிறார். அவருக்கு இங்கிலீஷில் தன் பெயரைக்கூட எழுத வராது. அவரைத்தான் நான் கண்டித்ததாகக் கையெழுத்துப் போடவேண்டுமா?

உன் பெயர் வெளியே வந்தால் இருக்கிற நான்கு வாடிக்கைக்காரர்களும் போய்விடுவார்கள் என்று புரிகிறது. புரியாமல் இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் நான் கல்லூரி வேலையை விட்டேன். நீ வெப்சைட் செய்து கொடுத்தாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று இத்தனை நாள் என்னையே அடக்கிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முடியவில்லை. அதனால்தான் பதில் எழுத ஒன்பது நாள் ஆயிற்று. மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். கை போகவில்லை. பொய்யாக எழுதுவதைவிட எழுதாமல் விடுகிறேன்.

நீ எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக நான் எழுதியதைச் சம்பூர்ணத்திடம் டைப் அடித்து வாங்கி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று வாக்கியம்தான். இந்தக் கடையின் உரிமையாளர் நான். கடையின் பக்கத்தில் மறைத்து வைத்திருந்த சொற்களுக்கு நானே பொறுப்பு. அவை அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன.

உன் பெயர் இல்லை. ராஜவேலுவின் பெயரும் இல்லை. முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. மூன்றாவது இன்னும் உண்மையாகவில்லை. நேற்றுப் போய் இழுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. அதை நீ உண்மையாக்கின பிறகு இந்தக் காகிதத்தை அனுப்பு. அதற்கு முன் அனுப்பாதே. எடுத்தாயா இல்லையா என்று நான் இனிமேல் போய்ப் பார்க்கமாட்டேன்.

ஜனனியைத் திட்டாதே. குழந்தையைப் பள்ளிக்கூடம் மாற்றவேண்டாம், முடிந்தவரை பார். வேலை கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

அக்கா,
தயாவதி