மூக்கின் எடை

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேம்பர் வண்டி வந்து ஒன்பது நாளாகிறது. எங்கள் பாச்சாங்கில் பெய்யும் மழையெல்லாம் அதன் தலையில்தான். அடுத்த வீட்டு இந்திராதேவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டாக்டர், பல்லு புடுங்கறத விட்டுட்டு ஐஸ்கிரீம் விக்கப் போறீங்களா?" என்றார். சிரித்தேன். இன்று நான் நேரில் ஒருவரோடு பேசியது அவ்வளவுதான்.

மனைவி உஷா மெல்பர்னிலிருந்து கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டினாள். மூன்று மாதம் என்று மகள் வீட்டுக்குப் போனவள். இப்போது பதினோரு மாதம். "தனியா அத இழுத்துக்கிட்டு எங்கயும் போயிராதீங்க" என்றாள். தனியாக இல்லாமல் வேறு யாரோடு போவது? கேட்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

காரின் கையேட்டைப் படித்தேன். பெட்ரோலிலும் ஓடும், சார்ஜ் போட்டும் ஓடும் இந்த மகாராணி, ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை இழுப்பாள். கேம்பர் சாமானோடு தொள்ளாயிரம்தான். பேட்டரியே கனம் என்பதால் காருக்குள் அதிகம் ஏற்றக் கூடாதாம். சரி என்று எல்லாவற்றையும் கேம்பரில் ஏற்றினேன். தண்ணீர்ப் பீப்பாய் இரண்டு, சமையல் கேஸ் தோங், கருவிப் பெட்டி, ஐஸ் பெட்டி — அத்தனையும் பின்பக்கம். காரையும் கேம்பரையும் இணைக்கும் கொக்கியில் பாரம் உட்காராவிட்டால் காருக்கு நோகாது அல்லவா? கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முதல்முறையாகக் கேம்பரை வெளியே இழுத்துப் போனேன்.

மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் பெரிய சாலை. தொண்ணூறில் போனேன். ஒரு லோரி முந்திப் போனது. கேம்பர் இடப்பக்கம் ஓர் ஆட்டம், வலப்பக்கம் ஓர் ஆட்டம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக. பிரேக்கை மிதித்தேன் — இன்னும் மோசம். கண்ணாடியில் கேம்பரின் பக்கவாட்டுச் சுவர் முழுசாகத் தெரிந்தது. எப்படி நேரானது என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

யாரைக் கூப்பிடுவது? போனில் எழுநூறு பெயர், பாதிப் பேர் நோயாளிகள். விரல் திவாகரிடம் போய் நின்றது. என் தம்பி. இருபத்தைந்து வருஷமாக டிரெய்லர் லோரி ஓட்டுகிறான். ஆறு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. நாற்பதில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

கூப்பிடவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

அம்மா கடைசிவரை புலாவ் செபாங்கில் அவன் வீட்டில்தான் இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் போன அன்று, நான் போய்ச் சேர்வதற்குள் உடலைத் தூக்கிவிட்டார்கள். மூத்த மகன் தோள் கொடுக்கவில்லை. "டோல்கிட்ட ரோடு ஜாம்" என்றேன். திவாகர் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதோடு பேச்சு நின்றது.

ஜாம் எதுவும் இல்லை. இங்கேயாவது உண்மையை எழுதுவோம். அவன் ஊர் ரயில் நிலையத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தேன். நான்கு மாதமாகப் போய்ப் பார்க்காதவன், எந்த முகத்தோடு அந்த முகத்தைப் பார்ப்பது?

சாயங்காலம் கூப்பிட்டேன். எடுத்தான். சௌக்கியமா என்று கேட்கத் தைரியமில்லை, கேம்பர் ஆடியதைச் சொன்னேன்.

"மூக்கு என்ன எடை?"

"மூக்கா?"

"கொக்கியில உக்கார்ற பாரம் லா. சாமான எங்க ஏத்தின?"

"பின்னுக்கு."

"ஞாயித்துக்கெழம வரேன். அதுவரைக்கும் அதத் தொடாத."

17 ஆகஸ்ட், ஞாயிறு

மோட்டார் சைக்கிளில் வந்தான். தலை நரைத்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

குளியலறை எடை மெஷினைக் கேட்டான். அதன்மேல் மரக்கட்டையை நிறுத்தி, கேம்பரின் மூக்கை இறக்கினான். இருபத்தொரு கிலோ. "எழுபதாச்சும் இருக்கணும். முன்னுக்குப் பாரம் இல்லன்னா, பின்னால வர்றது ஒன்ன ஓட்டும்." கனமானதையெல்லாம் சக்கரத்துக்கு நேர்மேலே, கொஞ்சம் முன்தள்ளி, தரையோடு தரையாக வைத்துக் கட்டினான். டயருக்குக் காற்று. எண்பதுக்கு மேல் போகக் கூடாது. ஆடினால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

"பேட்டரி தீந்துட்டா?"

பெட்ரோலில் ஓடும், மேட்டில்தான் திணறும் என்றேன்.

"அப்ப மொத்தத்தையும் மொதல்லயே தீக்காத. மேட்டுக்கு மிச்சம் வை."

காப்பி போட்டு வைத்திருந்தேன். வேண்டாம் என்று போய்விட்டான். ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்தவன் என் வீட்டில் கை நனைக்கவில்லை. மனசு மிகவும் வலித்தது. காப்பியைக் கொட்டினேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மூக்கை மறுபடி எடை போட்டேன், எழுபத்திரண்டு. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கம்.

28 ஆகஸ்ட், வியாழன்

அவனே கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை கேம்பரைக் கடற்கரைக்கு இழுத்துப் போகிறேன் என்றேன். கூடவே வருகிறானாம். "ஒனக்காக இல்ல. ரோட்டுல வர்ற மத்தவனுக்காக."

31 ஆகஸ்ட், ஞாயிறு

மஸ்ஜித் தானா தாண்டிக் கடற்கரை. எண்பதைத் தாண்டவில்லை. வழியில் ஒரு பஸ் உரசுகிற மாதிரி முந்திப் போனது. கேம்பர் லேசாக அசைந்தது, காலை எடுத்தேன், அடங்கியது. பக்கத்தில் திவாகர் கண்ணாடியில் கேம்பரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வந்து சேர்ந்ததும் குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதனால்தான் என் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். "அன்னிக்கு ஜாம்னு சொன்னது பொய்டா" என்றேன்.

"தெரியும் அண்ணே." கட்டையை இன்னொரு தட்டுத் தட்டினான். "மாலை வாங்கப் போறப்ப ஸ்டேஷன் வாசல்ல ஒன் காரப் பாத்தேன். உள்ள அழுதுகிட்டு இருந்த. அழுது முடிச்சுட்டு நீயே வந்துருவன்னு நெனச்சேன். எல்லாரும் தூக்கு தூக்குன்னாங்க. அரை மணி நேரம் தூக்க விடல."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் சுதந்திர தினக் கொடியோடு பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஐம்பத்தெட்டு வயது ஆள் பட்டப்பகலில் அழுகிறேன். திவாகரும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாளைக்கு நேரே பாச்சாங் போக வேண்டாம், முதலில் புலாவ் செபாங் போவோம் என்றான். அம்மா படம் அவன் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. நான் இன்னும் பார்த்ததில்லை.

"ஒன் வீட்டுச் சந்து ரொம்பச் சின்னதாச்சே. கேம்பர் நுழையாது."

"நுழையும். நான் எறங்கி வழி சொல்றேன்."