கரையேற்றும் வேலை

அரியலூர்
11.08.2025

அன்பு மகள் மணிமொழிக்கு,

போனில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் தபால்.

பெரம்பலூர் ராஜதுரை தன் மகனுக்கு உன்னைக் கேட்கிறார். ஆவணி இரண்டாம் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீ கப்பல் வேலையை விட்டுவிட வேண்டுமாம், அவ்வளவுதான். நம் ஊரே ஒரு காலத்தில் கடல்தானாம். அந்தக் கடலே ஊரை விட்டுப் போய்விட்டது, நீ இன்னும் கடலைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்.

"இவளை எப்பங்க கரையேத்தப் போறீங்க?" என்று உன் அம்மா தினமும் கண்ணீர் விடுகிறாள். எனக்கொன்றுமில்லை, அவளுக்காகத்தான். லீவு போட்டுவிட்டு வா பாப்பா.

அன்புடன்,
அப்பா காசிநாதன்

விசாகப்பட்டினம்
16.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

குறுக்கே பேச முடியாமல் முழுதாகப் படித்துத் தொலைத்தேன்.

கரையேற்றுவதுதான் அப்பா என் பிழைப்பே. போர்க்கப்பலைத் துறைக்குள் நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். எல்லாவற்றையும் பார்த்துச் சரியென்று நான் கையெழுத்துப் போட்டால் திரும்பக் கடலுக்கு அனுப்புவோம். கரையேற்றி அங்கேயே விட்டுவிட்டால் அது காயலான் கடைச் சரக்கு.

அந்த ஞாயிறு எங்கள் கப்பல் தண்ணீரில் இறங்குகிறது. நான் வரவில்லை. "மேடம், நீங்க மேலயே நில்லுங்க" என்றவர்கள் நடுவில் எஞ்சின் அறைவரை இறங்கிப் பிடித்த வேலை. விடு என்கிறீர்களே, வயிறு எரிகிறது. அம்மாவை இழுக்காமல், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மணிமொழி

அரியலூர்
25.08.2025

அன்பு மகளுக்கு,

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் காலி. ஹெல்மெட் போட்டு, கன்னத்தில் கிரீசோடு நீ நிற்கும் போட்டோவைக் காட்டினேன். "பொண்ணு வேலையை எப்ப விடும்?" என்றார் ராஜதுரை.

எனக்கு வந்ததே கோபம்! "எங்க பொண்ணு கையெழுத்துப் போடலைன்னா போர்க்கப்பலே கெளம்பாதுங்க. உங்க பையன் சொன்னா உங்க வூட்டு மோட்டாராச்சும் கெளம்புமா?" என்று கேட்டுவிட்டேன். காபி டம்ளரோடு காரில் ஏறியவர்கள்தான். நம் எவர்சில்வர் டம்ளர் ஒன்று பெரம்பலூர் போய்விட்டது.

நான் நினைப்பது இதுதான். நிம்மதியாக வேலையைப் பார்.

அன்புடன்,
அப்பா

பாப்பா, அம்மா எழுதுறேன். அவரு லெட்டரை எப்பவும் நான்தான் படிச்சுட்டு ஒட்டுறேன். மொத லெட்டர்ல அழுவாத என்னைய அழுவ வச்சிருந்தாரு, போவுதுன்னு விட்டேன். இதை விட முடியல. அந்த மோட்டாரு கேள்வியக் கேட்டது நான். உங்கப்பா "விட்டுடும்ங்க, விட்டுடும்ங்க"ன்னு கும்பிட்டுக்கிட்டு நின்னாரு.

ஆனா நேத்திலேருந்து தெருவு பூரா தான் கேட்டதாச் சொல்லிச் சொல்லி, இப்ப அவரே நம்பிட்டாரு. இனிமே உன்னை வேலைய விடச் சொல்ல அவருக்கு வாயே கிடையாது. அதனால நீ ஒண்ணும் தெரியாத மாதிரி, "அப்பான்னா அப்பாதான்"னு ஒரு லெட்டர் போட்டுடு.

கொளஞ்சியம்மாள்