குயென் அத்தை கடையின் முதல் போணி

நாம் டிங் நகரம்,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய தோவா அக்காவுக்கு, தம்பி கியெம் தலைதாழ்த்தி எழுதுவது.

இதனால் தைவான் வரை உள்ள சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் தெருமுனை குயென் அத்தையின் ஃபோ நூடுல்ஸ் கடையில் பதினோரு ஆண்டுகள் முணுமுணுக்காமல் பாரம் சுமந்த நீல பிளாஸ்டிக் முக்காலிகள் சென்ற வாரம் திங்களன்று ஓய்வு பெற்றன. அதே நாளில் சிவப்பு முக்காலிகள் பொறுப்பேற்றன. நாலு கால் இருந்தும் அதற்கு முக்காலி என்றுதான் பெயர். கணக்கில் நான் ஒருவன்தான் மட்டம் என்று இனியாவது சொல்லாதே.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் அப்பா என் தோளுக்குமேல் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தோ மாமாவின் மகள் சனிக்கிழமை தைவானில் உன் தொழிற்சாலைக்கே வேலைக்கு வருகிறாள். வறுத்த வெங்காயப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். அம்மா போன பிறகு அவர் வீட்டில் சாப்பிடுவதே இல்லை. காலையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் சோறு வைக்கிறார், ஊதுபத்தி அணையும்வரை நிற்கிறார். பிறகு அந்தச் சோற்றை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு ஆலைக்குப் போய்விடுகிறார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு வந்துவிட்டன.

குயென் அத்தை கடையில் அவர்தான் முதல் போணி என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம். அவர் போணி செய்தால் பத்து மணிக்குள் அண்டா காலி என்று அத்தைக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அவருக்கு முன்னால் யாராவது வந்துவிட்டால் அடுப்பே பற்றவில்லை என்று புளுகி வெளியிலேயே நிறுத்திவைப்பாள். ஆவி அவள் மூக்கில் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது அப்பாவின் சட்டையில் கறுப்புத் துணி இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் போணி செய்தால் கடைக்காரர் அன்று ஈ ஓட்ட வேண்டியதுதான். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவராகவே பூட்டுக்கடை ஓரமாக பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வேறு யாராவது முதலில் உட்காரட்டும் என்று எதிர்ப்பக்கம் காத்திருந்தார். ஒரு மழைநாளில் முக்கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆகவே உன் தம்பி ஒரு திட்டம் தீட்டினான். தினமும் முதலில் போய் உட்காருங்கள் என்று தோ மாமாவிடம்தான் முதலில் கேட்டேன். பைக் டாக்ஸி ஓட்டுபவர், எப்படியும் விடியும்போதே தெருவில் நிற்கிறவர். அவர், "டேய், என் ராசி தெரியாம பேசாத. நான் ஏத்திட்டுப் போனவன் எவனும் பஸ்ஸைப் பிடிச்சதில்ல. நான் போணி பண்ணா உங்க அத்தை அண்டாவையே வித்துட்டுப் போகணும்" என்று கைவிரித்துவிட்டார்.

சரி, நானே போகிறேன் என்று கிளம்பினேன். என் கறுப்புத் துணியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன், மேலே பள்ளி ஜாக்கெட். ஐந்தரைக்கு சிவப்பு முக்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, "அத்தை, அரைவேக்காட்டுக் கறி போட்டு ஒண்ணு" என்றேன். "நீயே ஒரு அரைவேக்காடு, உனக்கு எதுக்குடா இன்னொண்ணு?" என்றாள். கிண்ணம் வந்தது. அப்பாவுக்கு போன் போட்டு, "போணி ஆயிடுச்சுப்பா, வாங்க" என்றேன். வந்தார். எதிரில் உட்கார்ந்தார். என் கிண்ணத்தைப் பார்த்தார், நான் ஒரு வாய் எடுத்த பிறகு தானும் எடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். பத்து நாளாக இதுதான் நடக்கிறது. துக்கக்காரனை வைத்தே போணி செய்யவைத்து, பத்து நாளாக ஒரு தெருவையே ஏமாற்றியவன் யார் என்று உன் விடுதியில் கேட்டால் என் பெயரைச் சொல்.

இன்னொரு சாதனையும் உண்டு. பச்சை மிளகாய் ஏழு, ஒரே கிண்ணத்தில். வினிகரில் ஊறிய பூண்டு தனி. தோ மாமாவுக்கு அதைப் பார்த்தே வியர்த்தது. எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அம்மாவின் பெட்டியை மூடிய அன்றே வரவில்லை, மிளகாய்க்கா வரும்? அன்று நீ பார்ப்பதற்காக இரண்டு மணி நேரம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். கைதான் மரத்துப்போனது. நீ அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தெரியவில்லை, திரையை அம்மா பக்கமாகத் திருப்பியிருந்தேன்.

இனி எழுதப்போவதை மெதுவாகப் படி, சிரிக்காதே.

நேற்று கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே அத்தையின் மருமகள் உட்கார்ந்து ஃபோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்த நோட்டை அத்தை வாங்கிக் கறிப்பலகைமேல் மூன்று முறை சுற்றினாள், அசல் போணிக்குச் சுற்றுவது போலவே. "சீக்கிரம் முழுங்குடி, அந்தப் பய வந்துடுவான்" என்று அவசரப்படுத்தினாள். அந்தப் பய அப்போது ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

குனிந்து உள்ளே போய், எத்தனை நாளாக இது என்று கேட்டேன். வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்தாமலேயே அத்தை சொன்னாள்: "முதல் நாள்லேர்ந்துதான். உங்க அம்மா பெட்டிக்குப் பின்னால நானும்தானடா நடந்தேன்? துணி சட்டையில இருந்தா என்ன, பாக்கெட்ல இருந்தா என்ன, எனக்குத் தெரியாதா?"

திட்டத்தைத் தோ மாமா அன்றைக்கே அப்பாவிடம் ஊதிவிட்டாராம். அப்பா அத்தையிடம் வந்து, "வீட்டுல அவன் ஒரு வாய் வைக்க மாட்டேங்கிறான். நான் தள்ளுற சோத்தைக் கோழிக்குப் போட்டுடுறான். திருட்டுத்தனம்னாதான் அவனுக்கு இறங்கும். கண்டுக்காம விட்டுடு" என்று கேட்டுக்கொண்டாராம்.

அப்பா வந்து உட்கார்ந்தார். நேற்றும் நான் ஒரு வாய் எடுக்கும்வரை காத்திருந்தார். நான் எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்று காலையும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்ப் போணி செய்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆக, பத்து நாளாக ஏமாந்தது நான் ஒருவன்தான், அக்கா. இரண்டு கிலோ கூடியிருக்கிறேன் என்று உன்னிடம் அடித்துவிட்டதும் பொய். பள்ளியில் எடை பார்த்தார்கள், நாலு கிலோ குறைந்திருக்கிறது. மிளகாயிலும் வீரம் கிடையாது. எனக்குக் காரமே தெரியவில்லை. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை. சூடு மட்டும் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்க எனக்குப் பயம்.

அம்மாவின் நூறாம் நாள் சடங்குக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள். லீவு கேட்டுப் பார். தரவில்லை என்றால் அவர்களோடு சண்டை போடாதே, வேலை முக்கியம். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் செய். போனில் நாங்கள் கேட்கும்போதெல்லாம் "சாப்பிட்டேன்" என்கிறாய். அதை நான் சொல்கிற மாதிரியேதான் நீயும் சொல்கிறாய். எனக்கு அந்தக் குரல் தெரியும். அக்கா, சாப்பிடு.

உன் வயிறு நிறைய வேண்டும் என்று அம்மா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி வணங்கும்,
தம்பி கியெம்