பொறுக்கி எடுத்த பட்டை

என் செல்ல அக்கா ரஹிமாவுக்கு,

போன இடத்திலும் முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொள்கிறாயா? அங்கே உன் உதட்டை உற்றுப் பார்க்க யாரும் இல்லை என்றுதான் நம்புகிறேன்.

உறையூரிலிருந்து உன் மாமியார் நேற்று ஃபோன் பண்ணினார். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உனக்கு வருஷ ஃபாத்திஹா ஓத வேண்டுமல்லவா? "அவளுக்குப் புடிச்ச பிரியாணிதாம்மா ஆக்குறோம், எல்லாரும் வந்துடுங்க" என்றார்.

உன் மேலுதடு வீங்கி, வடியாமலே நின்றபோது பூச்சிக்கடி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். உனக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். தில்லைநகர் டாக்டரம்மாதான் சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, இது ஒட்டுவாரொட்டி இல்லை, நாள்பட்ட அழற்சி என்றார். உதட்டுக்குள்ளேயே ஊசி போட்டார். வலியில் என் கையை நசுக்கினாய். "கறிக்குப் போடுற பட்டை, கலர் சோடா, இந்தப் பல்லு தேய்க்கிற பேஸ்ட், எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க. சிலருக்கு நல்லா கேக்கும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

மாமியார் நிறுத்தினாரா? பட்டை போட்டுத் தாளித்து, இறக்கும்போது அந்தத் துண்டுகளை மட்டும் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, "உனக்காகப் பொறுக்கி எடுத்துட்டேம்மா, சாப்பிடு" என்பார். அதன் சாறு சோற்றில் இறங்காமல் எங்கே போகும்? மறுநாள் உதடு புடைத்துக்கொண்டு நிற்கும். "ஊசிக்குக் கொட்டுறது தண்டம்" என்று மச்சான் வைத்தியத்தையே நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உன்னைக் காட்டூருக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இருந்த பட்டையை எல்லாம் குப்பையில் கொட்டினேன். ஊசியைத் திரும்பத் தொடங்கினோம். நோன்பு பிறப்பதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, "ஏய், இது என் வாய்தானாடி?" என்று சிரித்தாயே! அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் என்ன? பாழாய்ப்போன டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோனது.

மையத்தாய்க் கிடத்தியிருந்த உன் முகம் பார்க்க வந்த மாமியார், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "மௌத்தானதும் முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாருங்க. அல்லா குணமாக்கிட்டான்."

அக்கா, நீ உயிரோடு இருக்கும்போதே குணமானாய். ஒரு தடவையாவது உன்னைப் பார்க்க வந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

ஃபாத்திஹாவுக்குப் போவேன். பட்டை படாத சோறு ஒரு சட்டி ஆக்கிக் கொண்டுபோவேன். அவர் முன்னால் வைத்து, "அக்கா இதைச் சாப்பிட்டுத்தான் சிரிச்சுச்சு, உசுரோட சிரிச்சுச்சு" என்று நானும் எல்லார் காதிலும் விழச் சொல்வேன். இது சத்தியம்.

நீ சிரித்ததைப் பார்த்த,
உன் தங்கச்சி பரிதா